செல்போன் கம்பெனிகளின் காப்புரிமை வழக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காப்புரிமை விண்ணப்பம் எழுதிக்கொடுப்பதும், கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகம் கேட்கும் விளக்கங்களுக்குப் பதில் தயாரிப்பதும் என் தொழில். என்ன வேலை என்று சொன்னதுமே அடுத்த கேள்வி போன் கம்பெனிகளின் சண்டையைப் பற்றித்தான் வரும். கல்லூரி மாணவர்கள், ரிச்சி தெருக் கடைக்காரர்கள், ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் பார்க்கும் இன்ஜினியர்கள் என்று பலரும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளும், சில ஒரே வரியில் முடியும்.

ஆப்பிள் – சாம்சங் வழக்கில் கடைசியில் யார்தான் ஜெயித்தது?

ஆப்பிள்தான். ஆனால் முதலில் செய்தியில் வந்த தொகை அப்படியே கைக்கு வந்துவிடவில்லை.

2011 ஏப்ரலில் கலிபோர்னியாவில் ஆப்பிள் வழக்குப் போட்டது. 2012 ஆகஸ்டில் ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு, சொன்ன தொகை கிட்டத்தட்ட 105 கோடி டாலர். ஜூரி போட்ட கணக்கில் பிழை இருப்பதாகச் சொல்லி, நீதிபதி லூசி கோ அதில் ஒரு பகுதியை மறுவிசாரணைக்கு அனுப்பினார். 2013 நவம்பரில் அந்தப் பகுதிக்கு வேறொரு ஜூரி 29 கோடி டாலர் போட்டது. பிறகு மேல்முறையீடு, அதற்கு மேல் உச்ச நீதிமன்றம். திரும்பக் கீழே வந்து, 2018 மே மாதம் இன்னொரு ஜூரி 53.9 கோடி டாலர் என்றது. அடுத்த மாதமே இரண்டு கம்பெனிகளும் சமரசம் செய்துகொண்டன. என்ன பேசி முடித்தார்கள் என்பதை வெளியே சொல்லவில்லை.

ஏழு வருடம் ஓடிய வழக்கு இது. வழக்கில் இருந்த போன்களில் பெரும்பாலானவை அதற்குள் கடைகளிலேயே இல்லை. செல்போன் காப்புரிமை வழக்குகளில் இதுதான் வழக்கம். தீர்ப்பு வரும்போது பொருள் பழசாகியிருக்கும். அதனால்தான் இறுதித் தீர்ப்பைவிட, வழக்கு முடியும்வரை விற்பனையை நிறுத்தும் இடைக்காலத் தடைக்காக இரு தரப்பும் அதிகம் மல்லுக்கட்டுகின்றன.

அப்படி எதைத்தான் காப்பி அடித்ததாகச் சொன்னார்கள்?

இரண்டு வகை. ஒன்று, போன் எப்படி இயங்குகிறது என்பது. கான்டாக்ட் லிஸ்டைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே போங்கள். ஐபோனில் லிஸ்ட் முடிந்ததும் திரை கொஞ்சம் கூடுதலாக நகர்ந்து, விரலை எடுத்ததும் துள்ளித் திரும்பும். அந்தத் துள்ளலுக்கு ஒரு காப்புரிமை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குவது தொடர்பாக ஒன்று, தட்டினால் பெரிதாவதற்கு ஒன்று.

இன்னொன்று தோற்றம். மூலைகள் வளைந்த செவ்வக முகப்பு, கறுப்புக் கண்ணாடி, வரிசையாக அடுக்கிய வண்ண ஐகான்கள். இவை வடிவமைப்புக் காப்புரிமைகள். பணம் குவிந்தது இந்த இரண்டாவது வகையில்தான். பதிவான வடிவமைப்பை ஒரு பொருளில் போட்டு விற்றால், அந்தப் பொருளில் கிடைத்த மொத்த லாபத்தையும் உரிமையாளர் கேட்கலாம் என்கிறது அமெரிக்கச் சட்டம். ஆயிரக்கணக்கான பாகங்கள் உள்ள போனில் முகப்புக் கண்ணாடிக்காக மொத்த லாபத்தையும் கொடுப்பதா என்று சாம்சங் கேட்டது. 2016 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்ன பதில்: "பொருள்" என்பது முழுப் போனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அதன் ஒரு பாகமாகவும் இருக்கலாம். சாம்சங் எழுப்பிய கேள்வி நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் 2018இல் ஜூரி போட்ட தொகையில் 53.3 கோடி டாலர் வடிவமைப்புக்கு. விரல் அசைவுக் காப்புரிமைகளுக்குக் கிடைத்தது சுமார் 53 லட்சம் டாலர்தான்.

இப்படி அடித்துக்கொண்டே ஒருவரிடம் ஒருவர் வியாபாரமும் செய்தார்களாமே?

செய்தார்கள். வழக்கு நடந்த காலத்தில் ஐபோனின் சில பிராசஸர்களைத் தயாரித்துக் கொடுத்ததே சாம்சங்தான். பின்னாளில் ஐபோன் டென்னுக்கு ஓஎல்இடி திரையும் கொடுத்தது.

போட்டியாளர் போனை அப்பட்டமாகக் காப்பி அடித்தால்தான் வழக்கு வருமா?

இல்லை. பத்திரிகைகளில் அடிபடுவது காப்பி வழக்கு. ஆனால் இந்தியாவில் அதிகம் நடப்பது வேறு வகை. அதில் யாரும் யாரையும் காப்பி அடித்திருக்க வேண்டியதே இல்லை.

ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய போன் முழு ஒலியை அனுப்புவதில்லை, பேட்டரியும் அலைவரிசையும் மிச்சமாகட்டும் என்று அடங்கிவிடும். ஆனால் உங்கள் காதில் முழு நிசப்தம் விழுந்தால் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்பீர்கள். அதனால் உங்கள் போனே மெல்லிய இரைச்சல் ஒன்றை உருவாக்கிக் காதுக்குத் தருகிறது. அந்த இரைச்சலை உருவாக்கும் முறைக்கு, நெட்வொர்க் கருவிகள் செய்யும் ஸ்வீடன் கம்பெனியான எரிக்சனிடம் இந்தியக் காப்புரிமை இருந்தது, எண் 213723. மைக்ரோமேக்ஸ், லாவா போன்ற கம்பெனிகள் மீது எரிக்சன் போட்ட வழக்குகளில் இருந்த எட்டுக் காப்புரிமைகளில் அதுவும் ஒன்று. மற்றவையும் குரலைச் சுருக்கி அனுப்புவது, 3ஜி, எட்ஜ் போன்றவற்றைச் சேர்ந்தவை.

இவற்றைத் தவிர்த்துவிட்டுப் போன் செய்ய முடியாது. எல்லா நெட்வொர்க்கிலும் எல்லாப் போனும் பேச வேண்டுமென்றால் ஒரே தரநிலையைப் பின்பற்றியாக வேண்டும், அந்தத் தரநிலைக்குள்ளேயே இந்தக் காப்புரிமைகள் உட்கார்ந்திருக்கின்றன. பெங்களூர் ஹைவேயில் ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட் மாதிரி: அந்த வழியில் போகிற வண்டி எந்தக் கம்பெனி தயாரிப்பாக இருந்தாலும் கட்டணம் உண்டு. தரநிலைக்கு இன்றியமையாத காப்புரிமை என்று இவற்றைச் சொல்கிறார்கள்.

அப்படியானால் வைத்ததே விலையா?

தரநிலையில் தன் தொழில்நுட்பத்தைச் சேர்க்கும்போதே, நியாயமான விலையில் பாகுபாடு காட்டாமல் எல்லோருக்கும் லைசென்ஸ் தருவேன் என்று கம்பெனி வாக்குக் கொடுக்கிறது. சரி, நியாயமான விலை எது? மொத்தச் சண்டையும் இந்தக் கேள்விக்குத்தான்.

எதன் மேல் சதவீதம் போடுவது என்பதே முதல் தகராறு. தொழில்நுட்பம் இருப்பது சிப்பில், அதனால் சிப் விலையில் கணக்குப் போடுங்கள் என்பார் போன் தயாரிப்பாளர். முழுப் போன் விலையில் போடுங்கள் என்பார் காப்புரிமைக்காரர். 2024 மார்ச்சில் எரிக்சன் – லாவா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் போன் விலையையே அடிப்படையாக எடுத்தது. நிகர விற்பனை விலையில் 1.05 சதவீதம் என்று வைத்து, லாவா சுமார் 244 கோடி ரூபாய் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. எட்டில் ஒரு காப்புரிமை செல்லாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

10,000 ரூபாய் போனுக்கு 105 ரூபாய். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் இது ஒரே ஒரு கம்பெனிக்குப் போகிற பங்கு. குவால்காம், நோக்கியா, இன்டர்டிஜிட்டல் என்று வரிசை நீள்கிறது. குறைந்த லாபத்தில் போன் விற்கும் இந்தியக் கம்பெனிக்கு இந்தக் கூட்டுத்தொகை மிகவும் வலிக்கும். அதே நேரம் எரிக்சன் பக்கமும் நியாயம் இருக்கிறது. பல ஆண்டு ஆராய்ச்சிக்குச் செலவழித்தவனுக்குப் பங்கு கொடுக்காவிட்டால் அடுத்த தலைமுறை நெட்வொர்க்கை யார் உருவாக்குவார்கள்? என்னை உறுத்துவது தொகை அல்ல, ரகசியம்தான். யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்பது ஒப்பந்தத்துக்குள் பூட்டியிருக்கிறது. புதிதாக வரும் கம்பெனி தன்னிடம் கேட்கும் விலை நியாயமானதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் பேரம் பேச வேண்டியிருக்கிறது.

கட்டாவிட்டால் விற்பனையை நிறுத்திவிடுவார்களா?

நிறுத்தியிருக்கிறார்கள். ஷியோமி இந்தியாவுக்கு வந்த அதே 2014ஆம் வருடம், டிசம்பர் 8 அன்று, எரிக்சன் கேட்டபடி டெல்லி உயர் நீதிமன்றம் ஷியோமி போன்களை இறக்குமதி செய்யவும் விற்கவும் தடை போட்டது. விற்பனைத் தளமான ஃபிளிப்கார்ட்டுக்கும் அந்தத் தடை பொருந்தியது. சில நாளிலேயே தளர்த்தினார்கள். குவால்காம் சிப் உள்ள போன்களை விற்கலாம், ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும் என்று உத்தரவு. மீடியாடெக் சிப் போட்ட ரெட்மி நோட் அந்தச் சலுகையில் வரவில்லை.

ஜெர்மனியில் 2022இல் நோக்கியாவிடம் தோற்ற ஓப்போவும் ஒன்பிளஸும் அங்கே விற்பனையையே நிறுத்தின. அதே நோக்கியா – ஓப்போ தகராறு இங்கேயும் நடந்தது. வழக்கு முடியும்வரை ஒரு தொகையைக் கட்டிவை என்று 2023 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு ஓப்போவுக்கு உத்தரவிட்டது. 2024 ஜனவரியில் சமரசம்.

போட்ட தடையை அரசே ரத்து செய்த சம்பவமும் உண்டு. சாம்சங்கின் தரநிலைக் காப்புரிமையைக் காரணம் காட்டி, சில பழைய ஐபோன்களின் இறக்குமதிக்கு அமெரிக்க வணிக ஆணையம் தடை போட்டது. 2013 ஆகஸ்டில் ஒபாமா அரசு அதை ரத்து செய்தது. 1987க்குப் பிறகு அப்படி ரத்து செய்தது அதுவே முதல் முறை. டோல் வசூலிப்பவர் காசு கேட்கலாம், ரோட்டையே மூடக் கூடாது என்ற வாதம் அன்று எடுபட்டது.

எல்லா வழக்கும் டெல்லிக்கே போவது ஏன்? சென்னையில் நடக்காதா?

டெல்லி உயர் நீதிமன்றத்தில் இந்த வழக்குகளில் கைதேர்ந்த நீதிபதிகளும் வக்கீல்களும் சேர்ந்துவிட்டார்கள். 2021இலேயே அறிவுசார் சொத்துரிமைக்கென்று தனிப் பிரிவும் அங்கே வந்துவிட்டது. போன் நாடெங்கும் விற்பதால், டெல்லியிலும் விற்கிறது என்று காட்டினால் வழக்கை அங்கே போடலாம். ஆகவே அங்கேயே போடுகிறார்கள்.

ஆனால் சென்னையின் பங்கு சின்னது இல்லை. காப்புரிமை, வணிகச் சின்ன மேல்முறையீடுகளைக் கேட்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு 2003 முதல் 2021இல் கலைக்கப்படும்வரை சென்னைதான் தலைமையிடம். அதன் வேலை உயர் நீதிமன்றங்களுக்குப் போன பிறகு, 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்திலும் தனிப் பிரிவு வந்தது. அதற்கும் முன்பு, இரண்டு ஸ்பார்க் பிளக் எஞ்சினுக்காக பஜாஜும் டிவிஎஸ்ஸும் மோதியது இந்த நீதிமன்றத்தில்தான். 2008 பிப்ரவரியில் டிவிஎஸ் ஃபிளேம் பைக்குக்குத் தடை, 2009 மேயில் இரு நீதிபதி அமர்வு அதை நீக்கியது. அந்த வழக்கை எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட வழக்குகளை இழுத்தடிக்காமல் சீக்கிரம் முடியுங்கள் என்று எல்லா நீதிமன்றங்களுக்கும் சொன்னது.

இரண்டு சிம் போனுக்கு மதுரைக்காரர் ஒருவர் காப்புரிமை வைத்திருந்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இதை அதிகம் பேர் அறியாதது எனக்கு வருத்தம். ஒரே போனில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் போட்டு வெவ்வேறு நெட்வொர்க்கில் பேசுவதற்காக அவர் 2002இல் சென்னையில் விண்ணப்பித்தார். 2008இல் காப்புரிமை கிடைத்தது, எண் 214388. நாடே இரட்டை சிம் போனுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது.

அவர் போனது நீதிமன்றத்துக்கு மட்டும் இல்லை, சுங்கத் துறைக்கும். அறிவுசார் சொத்துரிமையை மீறும் இறக்குமதியைத் தடுக்க 2007இல் வந்த விதிகளின்படி தன் காப்புரிமையைப் பதிவு செய்தார். 2009இல் இரட்டை சிம் போன்கள் சுங்கத்தில் நிற்க ஆரம்பித்தன. பெரிய கம்பெனிகள் அலறியடித்துக்கொண்டு நீதிமன்றங்களுக்கு ஓடின. கடைசியில் ஸ்பைஸ் கம்பெனி தொடுத்த மனுவில், 2012இல் மேல்முறையீட்டு வாரியம் அவருடைய காப்புரிமையை ரத்து செய்தது.

ரத்து சரியா தவறா என்று இரு பக்கமும் வாதிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சரக்கைத் திறந்து பார்க்கும் சுங்க அதிகாரியால், ஒரு போனுக்குள் இருக்கும் தொழில்நுட்பம் காப்புரிமையை மீறுகிறதா என்று முடிவு செய்ய முடியாது. போலி லோகோவைக் கண்ணால் பார்த்துவிடலாம், காப்புரிமை மீறலுக்கு அது போதாது. 2018இல் அந்த விதிகளிலிருந்து காப்புரிமையை எடுத்துவிட்டார்கள். அந்த மாற்றம் சரியானது.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடியதும் காப்புரிமைத் தகராறால்தானா?

இல்லை, அது வரித் தகராறு. ஆனால் காப்புரிமையின் மதிப்பைப் புரிந்துகொள்ள அந்தக் கதையைவிட நல்ல பாடம் இல்லை.

2006இல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், குறிப்பாகச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்த பெண்கள், அங்கே வேலை பார்த்தார்கள். 2014இல் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றது. வரி வழக்கால் சொத்து முடக்கப்பட்டிருந்ததால் சென்னை ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அதே வருடம் நவம்பரில் மூடினார்கள்.

நோக்கியா அந்த விற்பனையில் கைவிடாத இன்னொன்று காப்புரிமைகள். அவற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மைக்ரோசாஃப்டுக்கு உரிமம் மட்டும் கொடுத்தது. சொந்தமாகப் போன் தயாரிக்காத நோக்கியா இன்றும் ஆப்பிள், சாம்சங் உட்படப் பலரிடம் ராயல்டி வாங்குகிறது. ஆலையில் நின்று போனைப் பூட்டிய தொழிலாளிக்கு வேலை போயிற்று, காகிதத்தில் இருந்த உரிமை சம்பாதித்துக்கொண்டே இருக்கிறது. நம் பக்கத்தில் இப்போது ஐபோன் அசெம்பிள் ஆகிறது, பெருமைதான். ஆனால் அசெம்பிள் செய்யும் கை நமக்கு, காப்புரிமை வேறு நாட்டுக்கு என்றே இருந்தால், ஆலை இடம் மாறும்போது நம்மிடம் என்ன மிஞ்சும் என்று தமிழ்நாட்டில் தொழில்கொள்கை எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

காப்புரிமை மீறிய போனை வாங்கிவிட்டேன் என்று தெரிந்தால் என்னிடமிருந்து பிடுங்குவார்களா?

கவலை வேண்டாம். வழக்குகள் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், விற்பவர் மீதுதான் வருகின்றன. வாங்கியவர் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. பாதிப்பு வேறு வழியில் வரலாம்: அப்டேட்டில் ஒரு வசதி காணாமல் போகும், அல்லது கேட்ட மாடல் கடையில் கிடைக்காது. ஆப்பிளிடம் தோற்ற தைவான் போன் கம்பெனி எச்டிசி, அமெரிக்காவில் தன் போன்களின் ஒரு வசதியையே மாற்ற வேண்டியிருந்தது. 2012 மே மாதம் அதன் புதுப் போன்கள் அங்கே சுங்கச் சோதனையில் நின்றன.

ரிச்சி தெருவில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஃபர்ஸ்ட் காப்பி காம்போ (ஒரிஜினல் மாதிரியே செய்த டிஸ்ப்ளே செட்) போட்டால் காப்புரிமை வழக்கு வருமா?

உங்களுக்கு வரக்கூடிய சிக்கல் பெரும்பாலும் வணிகச் சின்னத்தைப் பற்றியது. கம்பெனியே தயாரிக்காத டிஸ்ப்ளேவிலோ பேட்டரியிலோ பின்பக்கக் கவரிலோ கம்பெனி லோகோ இருந்தால் அது போலிச் சரக்கு. ரெய்டு வந்தால் கிரிமினல் வழக்காகவும் ஆகலாம். லோகோ இல்லாத, பொருந்தக்கூடிய பாகத்தை "இது ஒரிஜினல் இல்லை" என்று வாடிக்கையாளரிடம் சொல்லி, பில்லிலும் எழுதிப் போட்டால் அந்தச் சிக்கல் வராது. பழுது பார்ப்பது நேர்மையான தொழில். நாலு வருடப் போனை இன்னும் இரண்டு வருடம் ஓடவைக்கும் உங்களுக்குச் சட்டம் இன்னும் தெளிவான பாதுகாப்புத் தர வேண்டும் என்பது என் கருத்து.

துள்ளும் திரை, தள்ளித் திறக்கும் லாக் – இதற்கெல்லாம் இந்தியாவில் காப்புரிமை கிடைக்குமா?

கடினம். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. அந்த நிரலால் கருவியில் தொழில்நுட்ப விளைவு ஏதாவது ஏற்படுகிறது என்று காட்டினால் வழி உண்டு. 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. பேட்டரி மிச்சமாகிறது, சிக்னல் தெளிவாகிறது என்றால் வாதாடலாம். பார்க்க அழகாக இருக்கிறது என்றால் வடிவமைப்புப் பதிவுக்குப் போங்கள். அது முதலில் 10 வருடம், பிறகு 5 வருடம் நீட்டலாம். காப்புரிமைக்கு 20 வருடம், நீட்டிப்பு கிடையாது.

நான் இன்ஜினியரிங் கடைசி வருடம். என் புராஜெக்டுக்குக் காப்புரிமை வாங்க என்ன செய்ய வேண்டும்?

முதலில், விண்ணப்பம் போடும்வரை வெளியே காட்டாதீர்கள். எக்ஸ்போவில் வைப்பது, யூடியூபில் போடுவது, ஜர்னலில் வெளியிடுவது எல்லாம் பிறகு. வெளியே வந்துவிட்டால் புதுமை போயிற்று என்று உங்கள் விண்ணப்பத்தையே தள்ளிவிடலாம். சட்டத்தில் சில விலக்குகள் உண்டு, அவற்றை நம்பி இறங்காதீர்கள்.

முழுதாகத் தயாராகவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கத்தோடு) விண்ணப்பிக்கலாம். உங்கள் தேதி பதிவாகிவிடும், 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். தனிநபர், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனை கேட்க 4,000 ரூபாய். பெரிய கம்பெனிக்கு இதே கட்டணங்கள் 8,000, 20,000. பரிசோதனைக்கான கோரிக்கையைத் தனியாகப் போட வேண்டும், தானாக நடக்காது. 2024 மார்ச் நடுவிலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு அதற்கான கெடு 31 மாதம். இதைத் தவறவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

எழுதும் முன் தேடுங்கள். காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடல் இலவசம். அதில் எரிக்சன், குவால்காம் விண்ணப்பங்களில், எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் உரிமைக் கோரிக்கைப் பகுதியை மட்டுமாவது படித்துப் பாருங்கள். ஒரு வாக்கியம் ஒரு பக்கத்துக்கு ஓடும், ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு வைத்திருப்பார்கள். வழக்கில் வெற்றி தோல்வி அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

வெளிநாட்டிலும் விண்ணப்பிக்க எண்ணம் இருந்தால், இங்கே போட்டு ஆறு வாரம் கழித்துப் போங்கள், அல்லது முன்அனுமதி வாங்குங்கள். காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்லும் இந்த விதியை மீறினால் இந்திய விண்ணப்பமே பறிபோகும். காப்புரிமை கிடைத்த பிறகு புதுப்பிப்புக் கட்டணம் உண்டு, விண்ணப்பத் தேதியிலிருந்து எண்ணி மூன்றாம் ஆண்டு முதல் ஒவ்வொரு ஆண்டுக்கும். கட்ட மறந்து காலாவதியாகிவிட்டால், 18 மாதத்துக்குள் மீட்பு மனு போடலாம்.